கயிற்றின் மேல்முனையில் யார்?

எங்கள் ஆபீசில் வருஷத்துக்கு ஒரு தடவை "டீம் அவுட்டிங்" என்று எங்காவது கூட்டிக்கொண்டு போவார்கள். வழக்கமாக பௌலிங், இல்லாவிட்டால் சீஸ் சாப்பிடுவது. இந்தத் தடவை யாரோ இளரத்தம் "கான்யனிங் போகலாம்" என்று கை தூக்க, மற்றவர்களும் தூக்கிவிட்டார்கள். நாற்பத்தைந்து வயதில் ரப்பர் உடுப்பும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு, ஆல்ப்ஸ் மலை ஓடை ஒன்றின் தலைப்பில் நடுங்கிக்கொண்டு நின்றேன். பெர்ன் நகரத்தில் இத்தனை வருஷம் இருந்தும் அவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்ததில்லை.

தெரியாதவர்களுக்காக: மலையோடை பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய குறுகலான பள்ளத்துக்குள் மேலிருந்து இறங்கி, நடந்து, நீந்தி, குதித்து, அருவி வந்தால் கயிற்றில் தொங்கி இறங்கி, கீழே வெளியேறுவதுதான் இது. ஐரோப்பாவில் கான்யனிங், அமெரிக்காவில் கான்யனியரிங். நம்மிடம் அதைவிட நல்ல சொல் இருக்கிறது: இடுக்கு. இடுக்கி மாவட்டத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

முதல் அருவியில் ஒவ்வொருவராக இறங்கினோம். வழிகாட்டி கடைசியாக வந்தார். வந்தவர் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். மேலே வளையத்தில் கோத்திருந்த கயிறு சரசரவென்று உருவிக்கொண்டு வந்து தண்ணீரில் விழுந்தது. பின்னால் செங்குத்துப் பாறை, முன்னால் இன்னும் ஐந்து அருவிகள். "இனிமேல் மேலே போக முடியாது, கீழே மட்டும்தான்" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது, வடகரப்பதியில் எங்கள் அப்புச்சி கிணற்று மேட்டில் நின்று சொன்ன ஒரு வாசகம்.

பாலக்காடு என்றால் எல்லோரும் பச்சை வயலும் மழையும் என்று நினைப்பார்கள். எங்கள் வடகரப்பதி அப்படியல்ல. கோயமுத்தூர் எல்லையை ஒட்டி, வேலந்தாவளம் பக்கத்தில், மழை ஏமாற்றும் மேட்டுக்காடு. கிணறு ஆழமாகத்தான் இருக்கும். கோடையில் தூர் வார ஆள் இறங்குவார்கள். அப்புச்சி தேங்காய் நார் வடத்தைக் கிணற்று மேட்டுக் கல்தூணில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, மறுமுனையைக் கையில் வைத்துக்கொள்வார். எண்பது கிலோ ஆளை அறுபது கிலோ கிழவர் ஒரே கையில் நிதானமாக இறக்குவார். தாங்குவது கை அல்ல, கல்லுக்கும் நாருக்கும் இடையிலுள்ள உராய்வு. இது எனக்குப் புரிந்தது காலேஜில் பிசிக்ஸ் படித்தபோதுதான்!

ஒருதடவை நானும் இறங்குகிறேன் என்று அடம்பிடித்தேன். அவர் சொன்னது: "கயிறு கெட்டியான்னு அப்பறம் பாரு கண்ணு. மேல நிக்கறவன் ஆருன்னு மொதல்ல பாரு."

ஊர் திரும்பி (அதாவது பெர்ன் திரும்பி) கயிற்றில் இறங்கும் வித்தையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்த வரலாறு முழுவதும் அப்புச்சியின் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் நம் பக்கம். பாறையில் இறங்குவதற்கு மனிதனை முதலில் தூண்டியது விளையாட்டு அல்ல, தேன். ஸ்பெயினில் வலென்சியா பக்கம் பிகோர்ப் என்ற இடத்தில் ஒரு குகை ஓவியம் இருக்கிறது. கொடியோ கயிறோ ஒன்றில் தொங்கியபடி ஓர் உருவம் தேன் எடுக்கிறது, சுற்றிலும் தேனீக்கள். பல ஆயிரம் வருஷப் பழசு.

நமக்கு ஓவியத்துக்குப் பதில் சொல் இருக்கிறது. "மால்பு" என்ற சங்க காலச் சொல்லை நான் பள்ளியில் படித்தபோது அர்த்தம் மனப்பாடம் செய்ததோடு சரி. கண்ணேணி என்று உரையில் இருக்கும். கணுக்களையே படியாக வைத்து ஏறும் மூங்கில் ஏணி. புறநானூற்றின் 105ஆம் பாட்டில் பாரியின் மலையைச் சொல்லும்போது கபிலர் இந்த மால்பைக் குறிப்பிடுகிறார். மலைபடுகடாத்தில் குரங்குகூடத் திகைத்து நிற்கும் உயர்ந்த பாறையில் மால்பை நட்டு, அதையே பாதையாக்கிக் குறவர்கள் தேன் எடுத்துச் சேர்ப்பது வருகிறது. ஆக, செங்குத்துப் பாறையில் ஏறி இறங்கும் கருவிக்குத் தனிப்பெயர் வைக்கும் அளவுக்கு அது அன்றாடத் தொழிலாக இருந்திருக்கிறது.

இதன் தொடர்ச்சியைப் பார்க்க எங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டாம். தெற்கே பார்த்தால் ஆனைமலையும் நெல்லியாம்பதியும். அங்கே பரம்பிக்குளம், நெல்லியாம்பதி, வாழச்சால் காடுகளில் வாழ்கிறவர்கள் காடர்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909ல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய பார்வையில் நமக்கு இன்று உடன்பாடில்லாதவை நிறைய உண்டு. ஆனால் காடர்கள் தேன் எடுப்பது பற்றி அதில் உள்ள குறிப்புகளைப் பாறையேறும் ஒருவர் படித்தால் நிமிர்ந்து உட்காருவார்.

மரத்தில் ஏறுவதற்கு மூங்கில் முளைகளை அடித்துக்கொண்டே போவார்கள். போர்னியோவில் தயாக் மக்கள் இதேபோல ஏறுவதை ஆல்ஃபிரட் வாலஸ் எழுதியிருந்ததைத் தர்ஸ்டன் ஒப்பிடுகிறார். பாறைத் தேனுக்குப் பிரம்பால் சங்கிலி போன்ற ஏணி செய்து உச்சியிலிருந்து தொங்கவிடுவார்கள். தேன் எடுப்பது இருட்டில். ஆனால் ஏணியைப் பகலிலேயே கட்டி, ஏறி இறங்கிப் பார்த்து, மேலே கட்டிய கட்டு உறுதிதானா என்று சோதித்துவிடுவார்கள். ஒருவர் கீழே இருக்கும்போது மேலே காவல் நிற்பது அவருடைய மனைவி அல்லது மகன். யாரும் சதி செய்துவிடக்கூடாது என்பதற்காக.

இன்னொரு விதியும் உண்டு. இறங்கிய வழியாகவேதான் ஏற வேண்டும். ஏணியின் கீழ்முனையிலிருந்து அடிவாரம் பக்கத்திலேயே இருந்தாலும், மறுபடி ஏறுகிற சிரமம் மிச்சமானாலும், கீழே இறங்கிப் போய்விட மாட்டார்கள். தர்ஸ்டன் நூல் இதை ஒரு மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டது.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலே மனைவியோ மகனோ இருட்டில் ஏணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே போனவர் வேறு வழியாகப் போய்விட்டால், மேலே இருப்பவருக்கு அவர் பிழைத்தாரா விழுந்தாரா என்று எப்படித் தெரியும்? இறங்கியவர் திரும்பி வந்து முகத்தைக் காட்டினால்தான் வேலை முடிந்தது. நீலகிரியில் குறும்பர்களிடம் இதையே வேறு மாதிரிச் சொல்வார்கள். தேனுக்கு இறங்குகிறவரின் கயிற்றை மச்சான், அதாவது மனைவியின் சகோதரன், பார்த்துக்கொள்ள வேண்டும். ஏன்? தன் தங்கை தாலி இழப்பதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான். எந்த முடிச்சையும்விட உறுதியான முடிச்சு :-)

இப்போது ஐரோப்பாவுக்கு வருவோம். இங்கே கதை கொஞ்சம் வேறு மாதிரித் திரும்புகிறது.

1876ல் ஷமோனி ஊரைச் சேர்ந்த மலை வழிகாட்டி ழான் ஷார்லே, பெத்தி த்ரு என்ற ஊசி போன்ற சிகரத்தில் தனியாக ஏறப் பார்த்தார். உச்சியைத் தொட முடியவில்லை. இறங்குவதுதான் பெரிய பிரச்சினை, ஏனென்றால் மேலே கயிறு பிடிக்க ஆள் இல்லை. அவர் கண்டுபிடித்த வழி இதுதான்: கயிற்றை இரண்டாக மடித்து, நடுவைப் பாறை முனையில் மாட்டி, இரண்டு இழைகளையும் சேர்த்துப் பிடித்து இறங்கு. கீழே வந்ததும் ஒரு முனையை இழு. முழுக் கயிறும் கைக்கு வந்துவிடும். அடுத்த இறக்கத்துக்கு அதே கயிறு. 1879ல் இரண்டு தோழர்களோடு அதே சிகரத்தின் உச்சியை அடைந்தபோதும் இந்த முறை அவருக்குக் கைகொடுத்தது. பிரெஞ்சில் "ராப்பெல்" என்ற சொல்லுக்கே திரும்ப அழைப்பது என்றுதான் பொருள். கயிற்றைத் திரும்ப அழைக்கலாம். ஆள் திரும்ப முடியாது.

யோசித்துப் பாருங்கள். ஆனைமலையில் கயிறு மேலேயே இருந்தது, ஆள் திரும்பி வந்தார். ஆல்ப்ஸில் ஆளும் கயிறும் சேர்ந்து கீழே போனார்கள், மேலே யாரும் இல்லை. ஒருவர் தேனுக்காக வீட்டிலிருந்து இறங்குகிறார். இன்னொருவர் வீட்டுக்குப் போவதற்காக இறங்குகிறார். தேவை வேறு, அதனால் முறையும் வேறு.

மேலே ஆள் இல்லாவிட்டால் உராய்வை யார் உண்டாக்குவது? இறங்குகிறவனே தூணாக மாற வேண்டியதுதான். ஹான்ஸ் டுல்ஃபர் என்ற ஜெர்மன் இளைஞரின் பெயரால் வழங்கும் முறையில், கயிறு கால்களுக்கு இடையே போய், தொடையைச் சுற்றி, மார்புக்குக் குறுக்காகத் தோளுக்குப் போய், முதுகு வழியே கைக்கு வரும். அப்புச்சியின் கல்தூண் செய்த வேலையை இங்கே சொந்த உடம்பு செய்கிறது. தோல் உரியும், ஆனால் தாங்கும். டுல்ஃபர் 1915ல் முதல் உலகப் போரில் இறந்துபோனார். 1931ல் ஆஸ்திரியாவின் கார்ல் புருசிக் ஒரு சின்ன முடிச்சை வெளியிட்டார். மெல்லிய கயிற்றால் பெரிய கயிற்றைச் சுற்றிப் போடும் அந்த முடிச்சு, எடை விழுந்தால் இறுகும், எடை எடுத்தால் நகரும். அது இருந்தால் தொங்கும் கயிற்றிலேயே மேலே ஏறலாம். திரும்பும் வழியை ஒரு முழக் கயிற்றில் மீட்டுக்கொடுத்தார் என்று சொல்லலாம்.

இதெல்லாம் மலை உச்சிக்காரர்களின் கதை. இடுக்குக்குள் இறங்கியவர்கள் வேறு ஆட்கள். எதுவார் அல்ஃப்ரெ மார்த்தெல் என்ற பிரெஞ்சுக்காரர் அடிப்படையில் வழக்கறிஞர். லீவு கிடைத்தால் கயிற்றேணியும் மடக்குப் படகும் எடுத்துக்கொண்டு பூமிக்குள் போய்விடுவார். 1888ல் பிராமாபியோ என்ற நிலத்தடி ஆற்றை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தார். மறுவருஷம் பதிராக் பாதாளக் குழியில் இறங்கினார். 1905 ஆகஸ்டில் வெர்தோன் ஆற்றின் மாபெரும் பள்ளத்தாக்கை முதன்முதலாக முழுக்கக் கடந்தது அவர் குழு. இது வெறும் சாகசம் இல்லை, தண்ணீர் ஆய்வு. அந்த ஆற்றை என்ன செய்யலாம் என்று அரசாங்கம் தெரிந்துகொள்ள விரும்பியது. கூட வந்தவர்களில் ஒருவர் ருகோன் கிராமத்து வாத்தியார் இசிதோர் பிளான். ஆற்றையும் பாறையையும் அறிந்த உள்ளூர்க்காரர்.

இதைப் படித்தபோது எனக்கு இடுக்கி அணை ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட டூரில் எல்லோரும் போயிருப்போம். குறவன் மலை, குறத்தி மலை, நடுவில் பெரியாறு போகும் இடுக்கு. 1922ல் மலங்கரை எஸ்டேட்டைச் சேர்ந்த டபிள்யூ. ஜே. ஜான் வேட்டைக்குப் போனபோது, ஊராளிப் பழங்குடித் தலைவர் கொலும்பன்தான் அந்த இடுக்கை அவருக்குக் காட்டினார். இங்கே அணை கட்டலாம் என்ற யோசனை அப்படித்தான் வளர்ந்தது. 1976ல் திறக்கப்பட்ட அந்த வளைவு அணை சுமார் 169 மீட்டர் உயரம். கொலும்பனுக்கு அங்கே சிலை உண்டு. வெர்தோனில் ஒரு வாத்தியார், பெரியாற்றில் ஒரு பழங்குடித் தலைவர். இரண்டு இடத்திலும் தேடி வந்தது மின்சாரத்தையும் தண்ணீரையும். வழி தெரிந்தவர் ஏற்கெனவே அங்கேயே இருந்தார். "கண்டுபிடிப்பு" என்ற சொல்லைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பயன்படுத்த வேண்டும் என்று தோன்றுகிறது.

அந்தக் காலக் கயிறு எல்லாம் சணல் வகை நார். நனைந்தால் கனக்கும், முறுக்கிக்கொள்ளும். நனைந்ததைச் சரியாகக் காயவைக்காவிட்டால் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே இற்றுப்போயிருக்கும். (அப்புச்சி வடத்தை முறுக்குப் பிரித்து உள்ளே முகர்ந்து பார்ப்பார். ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.) தண்ணீரிலேயே இறங்கும் வேலைக்கு அது துரோகி. 1935ல் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் குழு நைலானை உண்டாக்கியது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பிரான்சின் தான் த குரோல் குகைகளை ஆராய்ந்த பியர் செவாலியே போன்றவர்கள் நைலான் கயிற்றைப் பூமிக்குள் கொண்டுபோனார்கள். 1953ல் ஜெர்மனியின் ஏடல்ரிட் நிறுவனம், உள்ளே சுமை தாங்கும் இழைகளும் வெளியே பின்னிய உறையுமாக இரண்டடுக்குக் கயிற்றைக் கொண்டுவந்தது. இன்று நாம் பார்க்கும் பலவண்ணக் கயிறுகள் அந்த வம்சம்தான்.

ஈரத்துக்கு அஞ்சாத கயிறு, உடம்புக்குப் பதில் உராய்வை ஏற்றுக்கொள்ளும் எட்டு வடிவ உலோக வளையம், குளிர் தாங்கும் ரப்பர் உடுப்பு. இவை மூன்றும் சேர்ந்ததும் 1970களிலும் 80களிலும் பிரான்ஸ், ஸ்பெயின் மலைகளில் கான்யனிங் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. பிறகு வியாபாரம்.

வியாபாரம் ஆனபின் வந்தது ஒரு கறுப்பு நாள். 1999 ஜூலை 27. இங்கே இன்டர்லாக்கன் பக்கத்தில் சாக்செட் ஓடை. இளைஞர்கள் குழுவாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேல்பகுதியில் இடிமழை. சில நிமிஷத்தில் மரமும் கல்லுமாக வெள்ளம் இடுக்குக்குள் பாய்ந்தது. 18 சுற்றுலாப் பயணிகளும் 3 வழிகாட்டிகளும், மொத்தம் 21 பேர் இறந்தார்கள். 2001ல் நீதிமன்றம் நடத்தியவர்களில் சிலரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அந்தப் பக்கம் ரயிலில் போகும்போதெல்லாம் இதைப் பற்றி யாராவது பேசக் கேட்டிருக்கிறேன்.

அங்கே எந்தக் கயிறும் அறுந்ததாகப் பேச்சில்லை. அறிவு தேவைப்பட்ட இடம் மேலே, மழை பெய்த மலையில். இடுக்குக்குள் இருப்பவனுக்குத் தலைக்கு மேல் ஒரு கீற்று வானம்தான் தெரியும். தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை மேலே இருந்து பார்க்க ஒருவர் வேண்டும்.

எங்கள் அவுட்டிங்கில் இன்னொன்றும் கவனித்தேன். கடைசி அருவியில் தண்ணீர் வேகம் அதிகம். அங்கே வழிகாட்டி கயிற்றை வேறு மாதிரிக் கட்டினார். மேலே வளையத்தில் ஒரு உலோக எட்டில் கயிறு சுற்றியிருந்தது. கேட்டேன். இறங்குகிறவர் அருவி நடுவில் சிக்கிக்கொண்டால், மேலே இருப்பவர் அந்தக் கட்டை எடை தொங்கும்போதே தளர்த்தி, அவரை மெதுவாகக் கீழே இறக்கிவிடலாம். விசில் சங்கேதமும் உண்டு. ஒன்று ஊதினால் நிறுத்து. நீளமாக ஊதினால் நான் கயிற்றிலிருந்து விடுபட்டுவிட்டேன். அருவிச் சத்தத்தில் குரல் கேட்காதல்லவா.

எனக்குச் சிரிப்பு வந்தது. இது அப்புச்சியின் கல்தூண்! கிணற்றுக்குள்ளிருந்து கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் நில், இரண்டு சுண்டினால் தூக்கு. நூற்றைம்பது வருஷம் மேலே ஆள் இல்லாமல் இறங்கக் கற்றுக்கொண்ட வித்தை, கடைசியில் மேலே ஒரு ஆளை மறுபடி நிறுத்திக்கொண்டது.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 2022 பிப்ரவரி 7ஆம் தேதி, மலம்புழா பக்கம் குறும்பாச்சி மலையில் ஏறிய 23 வயது இளைஞர் ஒருவர் வழுக்கி, செங்குத்துப் பாறையின் ஒரு பிளவில் மாட்டிக்கொண்டார். சோறு தண்ணீர் இல்லாமல் சுமார் 45 மணி நேரம். கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் வந்தும் பாறையை நெருங்க முடியவில்லை. வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இராணுவக் குழுக்கள் வந்தன. 9ஆம் தேதி காலை, மலை உச்சியில் கயிற்றைக் கட்டி ஒரு வீரர் இறங்கினார். முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு தன் உடம்போடு அவரைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். மேலே நின்றவர்கள் இருவரையும் மெதுவாக இழுத்து ஏற்றினார்கள். கீழே அல்ல, மேலே. இறங்கிய வழியாகவே. நான் இங்கே பாதி ராத்திரியில் போனில் அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா மறுமுனையில் அழுதுகொண்டிருந்தார், யாரென்றே தெரியாத பையனுக்காக.

மூடநம்பிக்கை என்று 1909ல் எழுதிவைத்ததை நாம் இப்போது வேறு மாதிரிப் படிக்கலாம். வாழச்சால் பக்கம் ஒன்பது காடர் ஊர்களுக்கு, வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2014ல் தங்கள் காட்டின் மீதான சமூக உரிமை கிடைத்தது. நம் பிள்ளைகள் இங்கே உள்ள பள்ளியில் மலையேற்றம் பற்றிப் படிக்கும்போது ஷார்லேயும் டுல்ஃபரும் வருவார்கள், வரட்டும், பெரிய ஆட்கள்தான். கூடவே பிரம்பு ஏணியைப் பகலில் கட்டிச் சோதித்து, இருட்டில் இறங்கி, விடியுமுன் மனைவி முகம் பார்க்க ஏறி வந்தவர்களைப் பற்றி நாம்தான் சொல்ல வேண்டும்.

அப்புச்சியின் கிணறு இப்போது இல்லை. பக்கத்தில் எல்லோரும் போர்வெல் போட்டபிறகு வற்றிப்போய், மூடிவிட்டார்கள். கல்தூண் மட்டும் மாமன் வீட்டு வாசலில் கிடக்கிறது. அதன் இடுப்பில் வடம் அறுத்த தடம் ஒரு விரல் ஆழத்துக்கு இருக்கும். போன லீவில் என் மகள் அதில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது என்ன கோடு?" என்று கேட்டாள்.

அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. அவளுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.